வைஃபை இருக்கு, சைட் திறக்கல: ரவுட்டரின் டிஎன்எஸ் கோளாறை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

வைஃபை சின்னம் முழுசாக இருக்கும். ரவுட்டரில் இணைய விளக்கு பச்சையாக எரியும். பிரவுசரில் மட்டும் "டிஎன்எஸ் புரோப் ஃபினிஷ்ட்" என்று ஏதோ ஒரு வாசகம் நிற்கும். டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை அதன் ஐபி முகவரியாக, அதாவது எண்ணாக, மாற்றிச் சொல்லும் ஏற்பாடு. இந்தக் கோளாறுக்கு ஊரெல்லாம் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: "டிஎன்எஸ்ஸ கூகுளோட 8.8.8.8னு மாத்திடுங்க". பல நேரம் அதில் சரியாகியும் விடும். ஆனால் பதில் எந்த இடத்தில் தொலைந்தது என்று பார்க்காமல் மாற்றினால், அதே கோளாறு அடுத்த வாரம் வேறு வேஷத்தில் வரும். ஐந்து நிமிடம் செலவழித்து இடத்தைக் கண்டுபிடித்துவிட்டு மாற்றுவதே நல்லது.

அதற்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தால் போதும். வீட்டு ரவுட்டருக்குப் பெரும்பாலும் எந்தப் பெயரும் தெரியாது. உங்கள் போன் ஒரு தளத்தின் பெயரைச் சொல்லி ஐபி முகவரி கேட்டால், ரவுட்டர் அந்தக் கேள்வியை அப்படியே வெளியே இருக்கும் பெரிய டிஎன்எஸ் சர்வரிடம் கேட்டு, வந்த பதிலைத் திருப்பிக் கொடுக்கும். கொஞ்ச நேரம் அதை நினைவில் வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். உள்ளே ஓடுவது பல ரவுட்டர்களில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற சின்ன மென்பொருள். அது இயல்பாக நினைவில் வைப்பதே 150 பதில்கள்தான். ஆக, ஒரு கேள்வி மூன்று கை மாறுகிறது: உங்கள் கருவி, ரவுட்டர், வெளி சர்வர். எந்தக் கை நழுவவிட்டது என்பதுதான் தேட வேண்டியது.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்யும் சோதனை

கம்ப்யூட்டரில் விண்டோஸ் என்றால் கமாண்ட் பிராம்ப்ட், மேக் அல்லது லினக்ஸ் என்றால் டெர்மினலைத் திறந்துகொள்ளுங்கள். ஒரே கேள்வியை இரண்டு பேரிடம் கேட்கப் போகிறோம். கீழே உள்ளதை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும் (என்எஸ்லுக்கப் என்பது டிஎன்எஸ் சர்வரிடம் ஒரு பெயரின் முகவரியைக் கேட்கும் கட்டளை):

என்எஸ்லுக்கப் எக்ஸாம்பிள்.காம். 192.168.1.1

என்எஸ்லுக்கப் எக்ஸாம்பிள்.காம். 8.8.8.8

முதல் வரி ரவுட்டரிடம் கேட்கிறது, இரண்டாவது வரி ரவுட்டரின் டிஎன்எஸ்ஸைத் தாண்டி நேராக வெளியே கேட்கிறது. உங்கள் ரவுட்டரின் முகவரி வேறாக இருக்கலாம். ஜியோ ஃபைபர் பெட்டி என்றால் 192.168.29.1, சிலவற்றில் 192.168.0.1. போனின் வைஃபை விவரத்தில் "கேட்வே" என்ற வரியில் அது இருக்கும். பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்திருப்பதைக் கவனியுங்கள். அது இல்லையென்றால் விண்டோஸ் சில நேரம் பெயரின் வாலில் வேறு எதையோ ஒட்டித் தேடிவிட்டு "இல்லை" என்று சொல்லும்.

விண்டோஸில் பதிலின் முதல் வரியில் "சர்வர்: அன்நோன்" என்று வந்தால் பயப்படத் தேவையில்லை. ரவுட்டரின் ஐபிக்கு ஒரு பெயர் கிடைக்கவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். அதற்குக் கீழே வருவதைப் பாருங்கள். "டைம்டு அவுட், 2 செகண்ட்ஸ்" என்று வந்தால் கேட்டவரிடமிருந்து பதிலே வரவில்லை. "நான்-எக்ஸிஸ்டென்ட் டொமைன்" என்றால் பதில் வந்தது, அப்படி ஒரு பெயர் இல்லை என்கிறது. "சர்வர் ஃபெயில்ட்" என்றால் கேட்டுப் பார்த்தேன், தேடும்போது எங்கோ தப்பாகிவிட்டது என்கிறது. "ரெஃப்யூஸ்ட்" என்றால் உனக்குப் பதில் சொல்ல மாட்டேன் என்கிறது. இந்த நான்கும் வேறு வேறு நோய். பிரவுசர் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஒரே சாம்பல் நிறப் பக்கத்தில் காட்டுவதால்தான் குழப்பமே வருகிறது.

இரண்டு இடத்திலும் பதில் வந்தால் டிஎன்எஸ் நன்றாக இருக்கிறது, கோளாறு பிரவுசரிலோ கருவியிலோ. ரவுட்டர் பதில் தரவில்லை, வெளியே தருகிறது என்றால் ரவுட்டரோ அது கேட்கும் சர்வரோ காரணம். இரண்டும் இல்லையென்றால் 8.8.8.8க்கு பிங் அடியுங்கள் (அந்த முகவரி எட்டுகிறதா என்று பார்க்கும் கட்டளை அது). அதுவும் போகவில்லை என்றால் இது டிஎன்எஸ் பிரச்சினையே இல்லை, லைன் பிரச்சினை. இணைப்பு கொடுத்தவருக்குப் போன் போடலாம்.

எந்த சைட்டும் திறக்கவில்லை, ஆனால் வாட்ஸ்அப் வருகிறது

ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புக்குப் பெயர் தேடல் தேவையில்லை, அதனால் அது ஓடிக்கொண்டே இருக்கும். புதிதாகத் திறப்பவை மட்டும் நிற்கும். டிஎன்எஸ் கோளாறின் நேரடியான அடையாளம் இது.

ரவுட்டரின் அட்மின் பக்கத்துக்குப் போங்கள். பெயரால் போக முடியாது, ஐபியைத் தட்டித்தான் போக வேண்டும். அங்கே வான் (வெளி இணைப்பு) அல்லது இன்டர்நெட் ஸ்டேட்டஸ் என்ற பக்கத்தில் வெளி ஐபி, கேட்வே, டிஎன்எஸ் 1, டிஎன்எஸ் 2 என்று வரிசையாக இருக்கும். பிபிபிஓஇ இணைப்பு (பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து ஏறுவது) என்றாலும் டிஎச்சிபி இணைப்பு (முகவரி தானாகக் கிடைப்பது) என்றாலும், லைன் ஏறும்போது இந்த முகவரிகளை நிறுவனமே ரவுட்டருக்குக் கொடுத்துவிடும்.

அந்த இடத்தில் 0.0.0.0 என்று இருந்தால், லைன் ஏறியிருக்கிறது, டிஎன்எஸ் முகவரி மட்டும் வந்து சேரவில்லை. ஒருமுறை டிஸ்கனெக்ட் செய்து கனெக்ட் கொடுங்கள். திரும்பவும் சுழியமே வந்தால் கையால் எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

முகவரி இருக்கிறது, ஆனால் பதில் இல்லை என்றால், அந்த முகவரியையே என்எஸ்லுக்கப்பில் கொடுத்து நேரடியாகக் கேளுங்கள். அங்கேயும் டைம்அவுட் ஆனால் நிறுவனத்தின் சர்வர் படுத்திருக்கிறது, உங்கள் ரவுட்டர் மேல் பழி இல்லை. அங்கே பதில் வந்து, ரவுட்டரிடம் கேட்டால் மட்டும் வரவில்லையென்றால் ரவுட்டருக்குள் இருக்கும் டிஎன்எஸ் மென்பொருள் தொங்கிவிட்டது. ரீஸ்டார்ட் செய்தால் எழுந்துகொள்ளும். மாதத்துக்கு நாலு தடவை இப்படித் தொங்கினால் ஃபார்ம்வேரை, அதாவது ரவுட்டரின் உள் மென்பொருளை, புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இதே இடத்தில் இன்னொரு காரணம் அடிக்கடி ஒளிந்திருக்கும். ஃபைபர்காரர் வைத்துப் போன பெட்டி ஒன்று, நீங்கள் கடையில் வாங்கி அதன் பின்னால் செருகிய ரவுட்டர் ஒன்று. இரண்டும் தன்னை 192.168.1.1 என்று சொல்லிக்கொள்கின்றன. முதல் பெட்டி, "டிஎன்எஸ் வேண்டுமா, 192.168.1.1ஐக் கேள்" என்று உங்கள் ரவுட்டரிடம் சொல்கிறது. அது யாரிடம் கேட்கும்? தன்னிடமே. சில ரவுட்டர்கள் இதைக் கவனித்துத் தன் முகவரியைத் தானே மாற்றிக்கொள்ளும், பல மாற்றாது. உங்கள் ரவுட்டரின் லான் (வீட்டுப் பக்க) முகவரியை 192.168.50.1 போல வேறொன்றாக மாற்றினால் தீர்ந்தது. மாற்றிய பிறகு அட்மின் பக்கத்துக்கும் அந்தப் புது முகவரியில்தான் போக வேண்டும்.

சரி, டிஎன்எஸ்ஸைக் கையால் மாற்றத்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. எந்தப் பெட்டியில் எழுதுவது? ரவுட்டரில் இரண்டு இடம் இருக்கிறது, அவை செய்யும் வேலை வேறு வேறு. வான் பக்கத்தில் எழுதினால் உங்கள் கருவிகள் வழக்கம்போல ரவுட்டரையே கேட்கும், ரவுட்டர் நீங்கள் எழுதிய புது சர்வரைக் கேட்கும். லான் அல்லது டிஎச்சிபி பக்கத்தில் எழுதினால், கருவிகளே ரவுட்டரைத் தாண்டி நேராக அந்த சர்வரைக் கேட்கும். வெளி சர்வர் படுத்தால் வான் பக்கம், ரவுட்டரின் டிஎன்எஸ் மென்பொருளே நம்பகமில்லை என்றால் டிஎச்சிபி பக்கம். இரண்டாவதைச் செய்தால் ஒவ்வொரு கருவியும் வைஃபையை ஒருமுறை விட்டுப் பிடித்த பிறகுதான் புது முகவரி அதற்குப் போய்ச் சேரும். "மாத்தினேன், ஒண்ணும் ஆகல" என்று வரும் புகார்களில் பல இந்த இடத்தில்தான் நிற்கின்றன.

நிறுவனம் கொடுத்த பெட்டியில் இந்தக் கட்டங்கள் சாம்பல் நிறத்தில் பூட்டியிருக்கலாம். அப்போது கருவிக்குக் கருவி மாற்ற வேண்டும், அல்லது சொந்த ரவுட்டர் ஒன்றைப் பின்னால் வைக்க வேண்டும்.

எதை எழுதுவது என்பதில் எனக்குப் பெரிய பக்தி எதுவும் இல்லை. கூகுளின் 8.8.8.8 2009 டிசம்பரிலிருந்து ஓடுகிறது, கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 2018 ஏப்ரல் 1 முதல், குவாட்9இன் 9.9.9.9 2017 முதல். மூன்றும் நம்பத்தக்கவை. ஒரே ஒரு எச்சரிக்கை: சில பழைய பெட்டிகளும் சில நிறுவனங்களின் உள் வலைகளும் 1.1.1.1 என்ற முகவரியைத் தங்கள் சொந்த வேலைக்கு எடுத்து வைத்திருந்தன. அங்கே அந்த முகவரிக்கு அனுப்பிய கேள்வி வீட்டு வாசலைத் தாண்டாது. அப்படி சந்தேகம் வந்தால் அதன் ஜோடியான 1.0.0.1ஐக் கேட்டுப் பாருங்கள்.

முதல் கிளிக்கில் சில நொடி நிற்கிறது, அப்புறம் வேகமாகப் போகிறது

பக்கம் மெதுவாக ஏறுவது வேறு, ஏறத் தொடங்கவே தாமதிப்பது வேறு. இரண்டாவதுதான் டிஎன்எஸ். பிரவுசரின் அடியில் "ரிசால்விங் ஹோஸ்ட்" என்று கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பிறகு சட்டென்று பக்கம் முழுதும் வந்து விழும்.

மேக்கிலோ லினக்ஸிலோ டிக் என்ற கட்டளை இருந்தால், கடைசியில் "க்வெரி டைம்" என்று மில்லி விநாடிக் கணக்கு கொடுக்கும். ஒரே பெயரை இரண்டு முறை கேளுங்கள். முதல் முறை 40, இரண்டாம் முறை 1 அல்லது 2 என்று வந்தால் ரவுட்டர் பதிலை நினைவில் வைக்கிறது, எல்லாம் சரி. இரண்டு முறையும் 40 என்றால் ரவுட்டருக்கு நினைவே இல்லை, ஒவ்வொரு தடவையும் வெளியே ஓடுகிறது. மலிவான பெட்டிகளில் இது சகஜம், பெரிய குற்றமும் இல்லை. ஆயிரக்கணக்கில் வந்தால்தான் விஷயம்.

அப்படி வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டிஎன்எஸ் 1. முதல் சர்வர் செத்துக் கிடக்கும், கேட்பவர் அதற்காகக் காத்திருந்து அலுத்துப்போய் இரண்டாவதைக் கேட்பார். பதில் வந்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வராது, "நெட் ஸ்லோ" என்று மட்டும் சொல்வார்கள். இரண்டு முகவரிகளையும் தனித்தனியே என்எஸ்லுக்கப்பில் கேட்டால் பதில் வராதது எது என்று தெரிந்துவிடும்.

லினக்ஸ் கணினியில் மட்டும், அதுவும் துல்லியமாக ஐந்து நொடி நின்றால், அதற்குத் தனிக் கதை இருக்கிறது. லினக்ஸின் நூலகம் ஒரு பெயருக்கு ஐபிவி4 (பழைய வகை) முகவரியையும் ஐபிவி6 (புதிய வகை) முகவரியையும் ஒரே நேரத்தில், ஒரே வழியாகக் கேட்கும். அடுத்தடுத்து வரும் இந்த இரண்டு கேள்விகளைச் சில ரவுட்டர்கள் ஒன்றாக எண்ணிக் குழம்பி, ஒன்றுக்கு மட்டும் பதில் தரும். மற்றதற்காகக் கணினி காத்திருக்கும். அந்தக் காத்திருப்புக்கு இயல்பாக வைத்திருக்கும் கெடு ஐந்து நொடி. டிஎன்எஸ் அமைப்புகள் இருக்கும் ரிசால்வ் டாட் கான்ஃப் கோப்பில் ஆப்ஷன்ஸ் என்ற வரியில் "சிங்கிள்-ரிக்வெஸ்ட்-ரீஓபன்" என்று சேர்த்தால், கேள்விகள் தனித்தனியே போகும், தாமதம் மறையும். அப்படி மறைந்தால் குற்றவாளி பெரும்பாலும் ரவுட்டர்தான்.

மாலையில் எல்லோரும் வீட்டில் இருக்கும்போது மட்டும் தாமதம் என்றால் ரவுட்டரின் லாகை, அதாவது நடந்தவற்றின் பதிவை, திறந்து பாருங்கள். டிஎன்எஸ்மாஸ்க் ஓடும் பெட்டி என்றால், ஒரே நேரத்தில் கேட்கக்கூடிய கேள்விகளின் எல்லையைத் தொட்டுவிட்டேன், அதிகபட்சம் 150 என்று ஒரு வரி விழுந்திருக்கும். ஒரு வீட்டில் 150 கேள்விகள் பதிலில்லாமல் நிலுவையில் நிற்பது இயல்பே அல்ல. வெளி சர்வர் பதில் தராமல் கேள்விகள் குவிந்திருக்க வேண்டும், அல்லது ஏதோ ஒரு கருவி வெறி பிடித்ததுபோலக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எல்லையைக் கூட்டுவதற்கு முன் அதைக் கண்டுபிடியுங்கள்.

ஒரே ஒரு சைட் மட்டும் திறக்கவில்லை

இங்கே மேலே சொன்ன நான்கு பதில்களும் கை கொடுக்கும். ரவுட்டர் "அப்படிப் பெயர் இல்லை" என்கிறது, 8.8.8.8 ஒரு முகவரி தருகிறது என்றால் இரண்டு காரணங்கள். ஒன்று, "இல்லை" என்ற பதிலையும் டிஎன்எஸ் நினைவில் வைக்கும். புது டொமைன் வாங்கி, அது ஓடத் தொடங்கும் முன்பே ஆர்வத்தில் திறந்து பார்த்தவர்களுக்குத்தான் இது அதிகம் நடக்கும். ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்யலாம், இல்லையென்றால் பொறுத்திருக்கலாம். இன்னொன்று, யாரோ வேண்டுமென்றே மறைக்கிறார்கள்: ரவுட்டரின் பேரன்டல் கன்ட்ரோல், அல்லது நிறுவனத்தின் சர்வர். இந்தியாவில் தடை செய்யப்பட்ட தளங்களுக்குச் சில நிறுவனங்கள் டிஎன்எஸ் பதிலையே மாற்றுகின்றன, வேறு சில இணைப்பு தொடங்கும்போது தளத்தின் பெயரைப் பார்த்து அங்கேயே வெட்டிவிடுகின்றன. இரண்டாவது வகைக்கு எந்த டிஎன்எஸ் போட்டாலும் பயன் இல்லை.

இரண்டும் முகவரி தருகின்றன, ஆனால் வேறு வேறு முகவரி என்றால் உடனே மோசடி என்று முடிவு கட்டாதீர்கள். பெரிய தளங்கள் கேட்பவர் எங்கே இருக்கிறார் என்று பார்த்து அருகிலுள்ள சர்வரின் முகவரியைத் தரும், அதனால் வேறுபடுவது இயல்பு. சின்னத் தளம், ஒரே சர்வர் என்று தெரியும், அண்மையில் இடம் மாறியது என்றால், ரவுட்டர் பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

"சர்வர் ஃபெயில்ட்" என்று எல்லா இடத்திலும் வந்தால் அந்தத் தளத்தின் சொந்த டிஎன்எஸ் கெட்டிருக்கிறது. நீங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை.

என்எஸ்லுக்கப்பில் பதில் வருகிறது, பிரவுசரில் மட்டும் இல்லை என்றால், விண்டோஸில் என்எஸ்லுக்கப் கணினியின் நினைவைப் பார்க்காமல் நேராகப் போய்க் கேட்கிறது என்பதை மனதில் வையுங்கள். கணினியின் நினைவில் பழையது இருக்கலாம். ஐபிகான்ஃபிக் கட்டளையோடு ஃபிளஷ்டிஎன்எஸ் என்ற சேர்க்கையைக் கொடுத்து அதைக் காலி செய்யுங்கள். அப்படியும் இல்லையென்றால், பெயர்களையும் முகவரிகளையும் கையால் எழுதி வைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து அந்தப் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். போனில் ஏரோப்ளேன் மோடைப் போட்டு எடுத்தால் பெரும்பாலும் போதும்.

கரண்ட் போய் வந்த பிறகு பெயர் எதுவும் கிடைக்கவில்லை

வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. கரண்ட் வந்ததும் அது எழும்போது நேரம் தெரியாமல்தான் எழும். லாகைத் திறந்தால் 1970 ஜனவரி 1, காலை 5.30 என்று வரிகள் தொடங்கும். யுனிக்ஸ் கடிகாரத்தின் சுழியம், நம் நேரக் கணக்கில் ஐந்தரை மணி.

சாதாரணமாக இதனால் கெடுதல் இல்லை. ரவுட்டரில் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பை இயக்கி வைத்திருந்தால்தான் சிக்கல். டிஎன்எஸ்செக் என்பது பதில்களோடு வரும் கையெழுத்தைச் சரிபார்ப்பது. ஒவ்வொரு கையெழுத்துக்கும் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை செல்லும் என்று ஒரு கெடு உண்டு. ரவுட்டரின் கணக்கில் இப்போது 1970 என்றால், எல்லாக் கையெழுத்தும் இன்னும் பிறக்காத தேதியைச் சேர்ந்தவை. ஒன்றும் செல்லாது என்று தள்ளிவிடும். சரி, நேரத்தைத் திருத்திக்கொள்ளலாமே என்றால், நேர சர்வரின் பெயருக்கு முகவரி கண்டுபிடிக்க டிஎன்எஸ் வேண்டும். டிஎன்எஸ் வேலை செய்ய நேரம் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும்.

வெளியே வர எளிய வழி, ரவுட்டரின் நேர அமைப்பில் பெயருக்குப் பதிலாக ஒரு ஐபியைக் கொடுப்பது. கூகுளின் நேர சர்வர்களில் ஒன்று 216.239.35.0. ஓபன்டபிள்யூஆர்டி என்ற மாற்று ஃபார்ம்வேர் போட்டவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, நேரம் சரியாகும் வரை தேதிச் சோதனையை அது தள்ளி வைத்துவிடும்.

இதே சூழ்நிலையில் இன்னொரு வேடிக்கை. ரவுட்டர் எழுந்துவிட்டது, ஃபைபர் இன்னும் ஏறவில்லை. அந்த இடைவெளியில் எந்தப் பெயரைக் கேட்டாலும் தன் சொந்த முகவரியைப் பதிலாகக் கொடுத்து, தன் அட்மின் பக்கத்தைக் காட்டும் ரவுட்டர்கள் உண்டு. "இணையம் இல்லை, வந்து பாருங்கள்" என்று சொல்லும் முயற்சி. லைன் வந்த பிறகும் பிரவுசர் அந்தப் பதிலை விடாமல், தளத்தைத் திறந்தால் ரவுட்டரின் லாகின் பக்கத்துக்கே போகும். பிரவுசரை முழுதாக மூடித் திறந்தால் போய்விடும்.

கம்ப்யூட்டரில் வருகிறது, போனில் வரவில்லை

ரவுட்டர் ஒன்றுதான், பதில் மட்டும் வேறு என்றால், இரண்டும் ஒரே ஆளைக் கேட்கவில்லை என்று பொருள்.

ஆண்ட்ராய்டு 9 முதல் நெட்வொர்க் செட்டிங்ஸில் "பிரைவேட் டிஎன்எஸ்" என்று ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பெயரை எழுதி வைத்திருந்தால், போன் அந்த சர்வரை மட்டும், பெரும்பாலும் 853ஆம் போர்ட் (எண்ணிட்ட வாசல்) வழியாக, மறைகுறியாக்கிக் கேட்கும். ரவுட்டரிடம் திரும்பி வரவே வராது. விளம்பரத் தடுப்புக்காக எப்போதோ எழுதியது, அந்த சர்வர் இப்போது இல்லை, அல்லது இந்த வலையில் 853 அடைபட்டிருக்கிறது என்றால் போனில் மொத்தமும் நின்றுவிடும். ஆட்டோமேட்டிக் என்று மாற்றிப் பாருங்கள். அந்த நிலையில் முடிந்தால் மறைத்துக் கேட்கும், முடியாவிட்டால் சாதாரண டிஎன்எஸ்ஸின் பழைய 53ஆம் போர்ட்டிலேயே கேட்கும்.

அடுத்தது ஐபிவி6. ரவுட்டரின் ஐபிவி4 பக்கத்தில் டிஎன்எஸ் மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்போம். ரவுட்டரோ ஐபிவி6 அறிவிப்பில் பழைய முகவரியையே எல்லாக் கருவிகளுக்கும் சொல்லிக்கொண்டிருக்கும். ஆண்ட்ராய்டு போன் டிஎச்சிபிவி6 வழியாக டிஎன்எஸ் வாங்காது, இந்த அறிவிப்பில் வருவதையே எடுத்துக்கொள்ளும். போனின் வைஃபை விவரத்தில் டிஎன்எஸ் வரிசையில் முக்காற்புள்ளிகளோடு நீளமாக ஒரு முகவரி தெரிந்தால், அதையும் சோதிக்க வேண்டும். ரவுட்டரில் ஐபிவி6க்கான டிஎன்எஸ் கட்டம் தனியாக இருக்கும்.

மூன்றாவது, பிரவுசர். குரோமில் "யூஸ் செக்யூர் டிஎன்எஸ்", ஃபயர்பாக்ஸில் "டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்". இது இயங்கினால் அந்தப் பிரவுசருக்கு உங்கள் ரவுட்டரின் டிஎன்எஸ் ஒரு பொருட்டே இல்லை. ஒரே கணினியில் ஒரு பிரவுசரில் திறந்து இன்னொன்றில் திறக்காதது பெரும்பாலும் இதனால்தான். விபிஎன் ஆப் ஏதாவது ஓடுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

டிஎன்எஸ்ஸை மாற்றியாயிற்று, ஒன்றும் மாறவில்லை

பை-ஹோல் என்ற வீட்டு டிஎன்எஸ் சர்வரைப் போட்டு விளம்பரத்தைத் தடுக்கப் பார்ப்பவர்கள் இங்கேதான் வந்து நிற்பார்கள். டிஎன்எஸ் 1இல் பை-ஹோலின் முகவரி, டிஎன்எஸ் 2இல் "எதுக்கும் இருக்கட்டும்" என்று 8.8.8.8. இரண்டாவது என்பது முதலாவது செத்தால் மட்டும் பயன்படும் மாற்று என்று கருவிகள் எதுவும் உறுதி சொல்லவில்லை. தங்கள் வசதிப்படி இரண்டையும் கேட்கும், விளம்பரம் இரண்டாவது வழியாக உள்ளே வரும். இரண்டாவது கட்டத்தைக் காலியாக விடுங்கள். காலியாக விட்டால் அங்கே தன் முகவரியைத் தானே நிரப்பிக்கொள்ளும் ரவுட்டர்களும் இருக்கின்றன. அவற்றில் பை-ஹோலின் முகவரியையே இரண்டு கட்டத்திலும் எழுதிவிடலாம்.

அப்படி எதுவும் இல்லையென்றால், நடுவில் யாராவது கேள்வியைப் பிடித்து மாற்றுகிறார்களா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு அழகான சோதனை இருக்கிறது. 192.0.2.1 என்ற முகவரி, நூல்களில் எடுத்துக்காட்டுக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்டது. உலகில் அங்கே எந்தக் கணினியும் இல்லை. அதனிடம் கேளுங்கள்:

என்எஸ்லுக்கப் எக்ஸாம்பிள்.காம். 192.0.2.1

டைம்அவுட் ஆனால் நல்லது. ஆள் இல்லாத அந்த இடத்திலிருந்து பதில் வந்தால், 53ஆம் போர்ட்டில் போகும் எல்லாக் கேள்விகளையும் வழியில் யாரோ மறித்துத் தாங்களே பதில் எழுதுகிறார்கள். அது உங்கள் ரவுட்டராகவே இருக்கலாம், பேரன்டல் கன்ட்ரோல் பல இடங்களில் இப்படித்தான் வேலை செய்கிறது. அதை நிறுத்திவிட்டுத் திரும்பச் சோதியுங்கள். அப்போதும் பதில் வந்தால் மறிப்பது நிறுவனத்தின் வலை. அதைத் தாண்ட, மறைகுறியாக்கிய டிஎன்எஸ்தான் வழி: போனில் பிரைவேட் டிஎன்எஸ், பிரவுசரில் செக்யூர் டிஎன்எஸ், ரவுட்டர் இடம் கொடுத்தால் அதிலேயே.

தெரியாத பக்கத்துக்குப் போகிறது, வங்கி சைட்டில் சான்றிதழ் எச்சரிக்கை வருகிறது

இதில் மட்டும் சோதனையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் அந்தப் பக்கத்தில் எதையும் தட்டாமல் மூடுங்கள், "எப்படியும் தொடர்க" என்பதை அழுத்தாதீர்கள். போனை மொபைல் டேட்டாவுக்கு மாற்றி அதே தளத்தைத் திறந்து பாருங்கள். அங்கே ஒழுங்காக வந்தால் ரவுட்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

ரவுட்டரில் புகுந்து டிஎன்எஸ் முகவரியை மட்டும் தங்கள் திருட்டு சர்வருக்கு மாற்றிவிட்டுப் போவது பழைய உத்தி. டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீநிரல் கணினிகளில் இதைச் செய்தது, கடவுச்சொல் மாற்றாத ரவுட்டர்களிலும் புகப் பார்த்தது. 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ அதை நடத்தியவர்களைப் பற்றிய வழக்கை வெளியிட்டபோது, நாற்பது லட்சம் கணினிகள் வரை தொற்றியிருந்ததாகச் சொன்னார்கள். திருட்டு சர்வர்களை உடனே அணைத்திருந்தால் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் இணையம் நின்றிருக்கும். அதனால் நீதிமன்ற அனுமதியோடு அவற்றின் இடத்தில் நல்ல சர்வர்களை வைத்து, 2012 ஜூலை 9 வரை ஓட்டிவிட்டுத்தான் நிறுத்தினார்கள்.

உங்கள் ரவுட்டரில் வான், டிஎச்சிபி இரண்டு பக்கங்களிலும் உள்ள டிஎன்எஸ் முகவரிகளைப் பாருங்கள். நீங்கள் எழுதாததும் நிறுவனம் கொடுக்காததுமான முகவரி இருந்தால் அதை அழிப்பது மட்டும் போதாது, வந்த வழி திறந்தே இருக்கும். ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொல்வது எனக்குப் பொதுவாகப் பிடிக்காது, பாதிப் பேர் அதற்குப் பிறகு பிபிபிஓஇ பாஸ்வேர்டு தெரியாமல் தவிப்பார்கள். இங்கே மட்டும் அதுதான் சரி. பாஸ்வேர்டைக் கேட்டு வைத்துக்கொண்டு ரீசெட் செய்யுங்கள், ஃபார்ம்வேரைப் புதுப்பியுங்கள், அட்மின் கடவுச்சொல்லை மாற்றுங்கள், வெளியிலிருந்து ரவுட்டரை இயக்கவிடும் ரிமோட் மேனேஜ்மென்ட்டை அணையுங்கள். இந்த வரிசையிலேயே, முடியும் வரை வேறு எந்தக் கருவியையும் சேர்க்காமல்.

வெளி சைட் எல்லாம் வருகிறது, வீட்டுக்குள் இருக்கும் பெயர் வரவில்லை

பிரிண்டரோ ஸ்டோரேஜ் பெட்டியோ "லோக்கல்" என்று முடியும் பெயரில் இருந்தால், அதற்கு ரவுட்டரின் டிஎன்எஸ்ஸோடு சம்பந்தமே இல்லை. அந்தப் பெயரைக் கருவிகள் தங்களுக்குள்ளேயே, 5353ஆம் போர்ட்டில் சத்தம் போட்டுக் கேட்டுக்கொள்கின்றன. கெஸ்ட் வைஃபையில் இருந்து கேட்டால் அந்தச் சத்தம் இந்தப் பக்கம் கேட்காது. போனை முதன்மை வைஃபைக்கு மாற்றுங்கள், கருவிகளை ஒன்றோடொன்று பேசவிடாத ஏபி ஐசொலேஷன் இயங்கினால் அணையுங்கள்.

சொந்த டொமைன் வாங்கி அதை வீட்டுக்குள் இருக்கும் 192.168 முகவரிக்குக் காட்டியிருப்பவர்களுக்கு வேறு தடை. 8.8.8.8 அந்த முகவரியைத் தரும், ரவுட்டர் மட்டும் முகவரி இல்லாத வெற்றுப் பதிலைத் தரும். வெளியிலிருந்து வரும் பதிலில் வீட்டு முகவரி இருந்தால், அது உள்ளே நுழையப் பார்க்கும் தாக்குதலாக இருக்கலாம் என்று டிஎன்எஸ்மாஸ்க் தூக்கி எறிகிறது. லாகில் "ரீபைண்ட் அட்டாக்" என்ற சொல்லோடு உங்கள் டொமைன் பெயரே இருக்கும். அந்தப் பாதுகாப்பை முழுதாக அணைக்காதீர்கள். ரீபைண்ட் விலக்குப் பட்டியலில் உங்கள் டொமைனை மட்டும் சேர்த்துவிட்டு, சேமித்து, திரும்பக் கேட்டுப் பாருங்கள்.